எதிராளி கிடைக்காத சாம்பியன்

தொடர்ந்து பதினோரு ஆண்டு தேசியப் பட்டம், இரண்டு ஆசியத் தங்கம். ஆனால் ஒலிம்பிக்ஸ் வாசலை மிதிக்கவே இல்லை. ஹெவிவெயிட் வீரர் ஹவா சிங் எவ்வளவு பெரியவர் என்று அளந்து பார்க்க நாடு ஒரு முறைகூட வாய்ப்புத் தரவில்லை.

1966 டிசம்பர் 9 அன்று பாங்காக்கில் ஐந்தாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கியபோது ஹரியானா என்ற மாநிலத்துக்கு வயது ஆறு வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 1 அன்றுதான் பஞ்சாபிலிருந்து பிரித்து அதை உருவாக்கியிருந்தார்கள். இன்று மல்யுத்தம், குத்துச்சண்டை என்றாலே நினைவுக்கு வரும் அந்த மாநிலத்துக்கு அப்போது சொல்லிக்கொள்ளும்படி ஒரு விளையாட்டுப் பெருமையும் கிடையாது. அந்த மண்ணின் பிவானி வட்டாரத்திலிருந்து ராணுவத்தில் சேர்ந்திருந்த ஹவா சிங், பாங்காக் ரிங்கில் ஏறி, ஹெவிவெயிட் இறுதிப் போட்டியில் பாகிஸ்தானின் அப்துல் ரஹ்மானைத் தோற்கடித்து, தங்கத்துடன் இறங்கினார். இந்திய - பாகிஸ்தான் போர் முடிந்து பதினைந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு ராணுவ வீரருக்கு அந்த வெற்றி என்னவாக இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மறுநாள் நாட்டின் பேச்செல்லாம் ஹாக்கி பற்றியே இருந்தது என்றால் அதிலும் ஆச்சரியமில்லை. அதே பாங்காக்கில் அதே பாகிஸ்தானை ஒரே ஒரு கோலில் வென்று இந்திய ஹாக்கி அணி முதல் முறையாக ஆசிய விளையாட்டுத் தங்கத்தைக் கைப்பற்றியிருந்தது. இந்தியாவுக்கு அம்முறை மொத்தம் ஏழு தங்கம். அவற்றில் ஒன்றை வட்டு எறிந்து வாங்கிய பிரவீண் குமார், பிற்பாடு தொலைக்காட்சி மகாபாரதத்தில் பீமனாக வந்து வீட்டுக்கு வீடு அறிமுகமானார். கதாயுதம் தூக்கிய பீமனை நாடு அறிந்தது. வெறும் கைக்குக் கையுறை மாட்டிக்கொண்டு ஆசியாவையே அடித்துப் போட்ட நிஜ பீமனை பிவானிக்கு வெளியே எத்தனை பேர் அறிந்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

நான்கு ஆண்டு கழித்து மீண்டும் பாங்காக். மீண்டும் டிசம்பர். ஹவா சிங்கின் பிறந்த நாள் டிசம்பர் 16. இரண்டு முறையும் போட்டிகளுக்கு நடுவே அது வந்து போனது. 1970-ல் அவருக்கு 33 வயது. அமெச்சூர் குத்துச்சண்டையில் பெரும்பாலோர் அதற்குள் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருப்பார்கள். இவர் இறுதிப் போட்டியில் ஈரானின் ஓம்ரான் கதாமியை வென்றார். அந்த முறை இந்தியாவுக்குக் கிடைத்த ஆறு தங்கத்தில் இது ஒன்று. 400 மீட்டரில் கமல்ஜீத் சந்து, மல்யுத்தத்தில் சந்த்கி ராம் என்று பெயர்கள் நீளும் அந்தப் பட்டியலில் குத்துச்சண்டைக்கான ஒரே பெயர் அவருடையது.

அடுத்தடுத்த இரண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம். இந்தியக் குத்துச்சண்டை வீரர் வேறு யாரும் இதைச் செய்யவில்லை. டிங்கோ சிங், விஜேந்தர் சிங், விகாஸ் கிருஷன், மேரி கோம், அமித் பங்கால் என்று தங்கம் வென்றவர்கள் பலர் வந்தார்கள். ஆனால் 2023-ல் நடந்த ஹாங்சோ போட்டிகள் வரை இந்தச் சாதனை அப்படியே இருந்தது.

கூடவே உள்நாட்டுக் கணக்கு: 1961 முதல் 1972 வரையிலான காலத்தில் தொடர்ந்து பதினோரு முறை தேசிய ஹெவிவெயிட் சாம்பியன். எந்த விளையாட்டிலும் இது பெரிய விஷயம். ஒரே ஒரு குத்து இலக்கில் விழுந்தால் ஆட்டமே முடிந்துவிடும் ஹெவிவெயிட் பிரிவில் இது இன்னும் பெரிய விஷயம். சிறிய எடைப் பிரிவுகளில் ஒரு தவறு செய்தால் ஒரு பாயிண்ட் போகும். பெரிய எடையில் தவறு செய்தவர் பெரும்பாலும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். பதினோரு ஆண்டுகளாக ராணுவம், ரயில்வே, போலீஸ் என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்த கனத்த கைகளுக்கு எதிராக நின்று அந்த ஒரு தவறைச் செய்யாமல் இருந்தவர் ஹவா சிங்.

இவ்வளவும் இருந்தும் அவரைப் பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும் ஒரு ஐயம் கூடவே எழும். ஆசிய ஹெவிவெயிட் என்ன அவ்வளவு பெரிய களமா?

கேள்வி நியாயமானதுதான். அந்தக் காலத்தில் 81 கிலோவுக்கு மேல் எடை உள்ள எல்லாருக்கும் ஒரே பிரிவு, ஹெவிவெயிட். சூப்பர் ஹெவிவெயிட் என்பது பின்னால் வந்தது. ஆசியாவில் அந்த எடையில் ரிங்கில் ஏறத் தகுந்த ஆட்களே சொற்பம். தாய்லாந்து, கொரியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் என்று குத்துச்சண்டையில் கைதேர்ந்த நாடுகளின் பலமெல்லாம் சிறிய உடல்காரர்களிடம்தான். இன்று ஆசியத் தங்கத்துக்குக் குறுக்கே மலைபோல் நிற்கும் கஜகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் அப்போது சோவியத் யூனியனுக்குள் இருந்தன. அவை ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கு வந்தது 1994-ல்தான். ஆகவே பாங்காக் தங்கத்தை இன்றைய ஆசியத் தங்கத்தின் தராசில் வைப்பது சரியாகாது.

ஆனால் எதிராளி சிறியவன் என்பதற்காகச் சாம்பியனும் சிறியவன் என்று முடிவு கட்டிவிட முடியுமா? பெரிய எதிராளியைத் தேடிப் போக அவர் மறுத்திருந்தால் அப்படிச் சொல்லலாம். ஹவா சிங் விஷயத்தில் நடந்தது நேர் எதிர். எதிராளி இருந்த இடத்துக்கு அவரை யாரும் அனுப்பவே இல்லை.

உமர்வாஸ் என்ற கிராமத்தில் 1937-ல் பிறந்தவர் அவர். மழையை நம்பிய மணல்பாங்கான பூமி; ராஜஸ்தான் எல்லை பக்கத்திலேயே. நிலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போடாது என்பதால் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். ஹவா சிங் சேர்ந்தது 1956-ல். அந்நாளில் இந்தியாவில் குத்துச்சண்டை என்றால் பெரும்பாலும் ராணுவம்தான். ஆங்கிலோ இந்தியர்கள் கோலோச்சிய ரயில்வே காலனிகளும் கல்கத்தா, பம்பாய் கிளப்புகளும் அதற்கு அடுத்தபடி. கிராமத்துப் பையனுக்குக் கையுறை என்று ஒன்று இருப்பதே பட்டாளத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். இன்று பத்து, பன்னிரண்டு வயதில் பயிற்சி தொடங்குகிறார்கள். அவரோ பதினெட்டு தாண்டிய பிறகுதான் ராணுவத்துக்கே வந்தார். நான்கே ஆண்டில், 1960-ல், நடப்புச் சாம்பியனான மொஹப்பத் சிங்கை வீழ்த்தி மேற்குக் கமாண்டின் சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டே தேசியப் பட்டம்.

ஹிந்தியில் ஹவா என்றால் காற்று. கனத்த உடலுக்கு அப்படி ஒரு பெயர். ஆனால் காற்றுக்கு வேலி கட்டத் தெரிந்தவர்கள் நாட்டில் இருந்தார்கள்.

முதல் வேலி 1962-ல். ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் அவர் பங்கேற்கவில்லை. சீனப் போர்தான் காரணம் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. காலண்டரைப் பார்த்தால் கொஞ்சம் இடிக்கிறது. ஜகார்த்தா போட்டிகள் செப்டம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டன. போர் வெடித்தது அக்டோபர் 20 அன்று. இந்தியக் குத்துச்சண்டை அணி ஜகார்த்தாவுக்குப் போகவும் செய்தது. ராணுவத்தைச் சேர்ந்த பதம் பகதூர் மல் லைட்வெயிட் பிரிவில் வென்றதுதான் ஆசிய விளையாட்டுகளில் இந்தியக் குத்துச்சண்டையின் முதல் தங்கம். எல்லையில் பதற்றம் அந்தக் கோடையிலேயே தொடங்கிவிட்டது என்பது உண்மை. எப்படியிருந்தாலும் கணக்கு ஒன்றுதான்: தேசியச் சாம்பியன், வயது 24, போட்டிக்குப் போகவில்லை. போயிருந்தால் மூன்று ஆசியத் தங்கமாக இருந்திருக்குமோ என்று கேட்பது பேராசை அல்ல.

இரண்டாவது வேலி அதைவிட உயரம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் இந்தியக் குத்துச்சண்டை வீரர்கள் கலந்துகொண்டார்கள். அதன் பிறகு அடுத்தபடியாக அவர்கள் ஒலிம்பிக் ரிங்கில் ஏறியது 1972-ல், ம்யூனிக்கில். நடுவில் மெல்போர்ன், ரோம், டோக்கியோ, மெக்ஸிகோ என்று நான்கு ஒலிம்பிக்ஸ் வந்து போயின. நான்குக்கும் இந்தியா ஒரு குத்துச்சண்டை வீரரைக்கூட அனுப்பவில்லை.

அன்னியச் செலாவணியை நாடு எண்ணி எண்ணிச் செலவழித்த காலம் அது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பையே குறைக்க வேண்டி வந்தது. 1968-ல் மெக்ஸிகோவுக்குப் போன இந்திய அணியில் 25 பேர்தான். அதில் பெரும்பகுதி ஹாக்கி அணி. ஹாக்கியில் பதக்கம் உறுதி என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையைத் தர முடியாத விளையாட்டுகளுக்குப் பெட்டி கட்டவே வேலையில்லை. பதக்கம் வரும் என்று காட்டினால்தான் அனுப்புவோம். அனுப்பினால்தான் பதக்கம் வருமா என்று தெரியும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதை.

அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதுதான் ஹவா சிங் பற்றிய உண்மையான கேள்வி. இதற்கு உணர்ச்சிவசப்படாமல் பதில் தேட வழி இருக்கிறது. அந்த ஒலிம்பிக்ஸ் ஹெவிவெயிட் பிரிவுகளின் முடிவுகள் எல்லாரும் பார்க்கக் கிடைக்கின்றன.

முதலில் கெட்ட செய்தி. 1964 டோக்கியோவில் தங்கம் வென்றவர் ஜோ ஃப்ரேஸியர். 1968 மெக்ஸிகோவில் ஜார்ஜ் ஃபோர்மன். 1972 ம்யூனிக்கில் க்யூபாவின் டியோஃபிலோ ஸ்டீவன்ஸன். முதல் இருவரும் பிறகு தொழில்முறை உலகச் சாம்பியன்கள் ஆனவர்கள். மூன்றாமவர் தொழில்முறைக்குப் போகாமலே மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர். ஹவா சிங் தேசியச் சாம்பியனாக இருந்த காலத்தில் வந்த மூன்று ஒலிம்பிக்ஸிலும் சரித்திரத்தின் மிகப் பெரிய ஹெவிவெயிட்கள் மூவர் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இந்த மூவரில் யாரையாவது அவர் வென்றிருப்பார் என்று சொல்பவர், பிவானியில் சொன்னால் கைதட்டல் வாங்கலாம். வேறு எங்கும் நம்ப மாட்டார்கள்.

இனி நல்ல செய்தி. தங்கம் தவிர மற்ற பதக்கங்களும் உண்டு. அந்த நாளைய ஒலிம்பிக் ஹெவிவெயிட் பிரிவில் மொத்தமே பதினாறு பேர் அளவில்தான் இருந்தார்கள். குத்துச்சண்டையில் அரை இறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம். அதாவது இரண்டே இரண்டு ஆட்டங்களை வென்றவருக்குப் பதக்கம் நிச்சயம். எதிரே இருந்தவர்கள் எல்லாரும் ஃப்ரேஸியரோ ஃபோர்மனோ அல்ல. டோக்கியோவில் வெள்ளி வென்ற ஜெர்மனியின் ஹான்ஸ் ஹூபருக்கு வயது 30. தொழில், பஸ் மெக்கானிக். மல்யுத்த அணியில் இடம் கிடைக்காமல் குத்துச்சண்டைக்கு வந்தவர். அப்படிப்பட்டவர் இறுதிப் போட்டியில் ஃப்ரேஸியரிடம் 3-2 என்ற கணக்கில்தான் தோற்றார். ஃப்ரேஸியருக்கு அப்போது இடது கைக் கட்டைவிரல் உடைந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெக்ஸிகோவில் வெண்கலம் வாங்கிய இத்தாலியின் பாம்பினியையும் மெக்ஸிகோவின் ரோச்சாவையும் இன்று குத்துச்சண்டை விற்பன்னர்கள்கூட யோசித்துத்தான் நினைவுபடுத்திக்கொள்வார்கள்.

டோக்கியோவின்போது ஹவா சிங்குக்கு 26 வயது. ஹெவிவெயிட் வீரருக்கு அது பொன்னான வயது. கைக்கு எட்டாத உயரத்தில் வெண்கலம் இல்லை. குலுக்கலில் அமெரிக்கரும் ரஷ்யரும் அரை இறுதிக்கு முன் எதிரே வராமல் இருந்தால், இரண்டு ஆட்டம். அவ்வளவுதான். கிடைத்திருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் இந்தியக் குத்துச்சண்டை முதல் ஒலிம்பிக் பதக்கத்துக்காக 2008 வரை காத்திருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், டோக்கியோவுக்கு ஒரு விமான டிக்கெட் மிச்சம் பிடித்தது லாபமா, நஷ்டமா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

1972-ல் ஒருவழியாக வேலி திறந்தது. ம்யூனிக்குக்கு இந்தியா மூன்று குத்துச்சண்டை வீரர்களை அனுப்பியது. அவர்களில் முனிசாமி வேணு, சந்தர் நாராயணன் ஆகிய இருவரும் சிறிய எடைப் பிரிவினர். மூன்றாமவரான மேதாப் சிங், லைட் ஹெவிவெயிட். ஹெவிவெயிட் பிரிவுக்கு யாரும் போகவில்லை. ஹவா சிங்குக்கு அப்போது 34 வயது. தேசியப் பட்டங்களின் நீண்ட வரிசை முடிந்ததும் அந்த ஆண்டில்தான்.

ஒலிம்பிக்ஸ் மட்டுமே குறை என்று நினைத்துவிடக் கூடாது. ஹெவிவெயிட் வீரரின் அன்றாடக் கஷ்டம் ஒன்று உண்டு: பயிற்சிக்கு ஆள் கிடைப்பதில்லை. குத்துச்சண்டையில் பை மீது குத்திப் பழகுவது பாதிதான். திருப்பி அடிக்கக்கூடிய ஆளோடு மோதிப் பழகுவதே மீதி. ஸ்பாரிங் என்று சொல்கிறார்கள். அறுபது கிலோ வீரருக்கு முகாமில் பத்து பேர் ஸ்பாரிங்குக்கு இருப்பார்கள். தொண்ணூறு கிலோ வீரருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். எடை குறைந்தவரோடு மோதினால் கையைக் கட்டுப்படுத்தித்தான் அடிக்க வேண்டும். அதுவே பழக்கமாகிவிட்டால் ஆபத்து. உள்நாட்டில் ஆண்டுக்கு ஒரு தேசியப் போட்டி, ராணுவத்துக்குள் சில போட்டிகள், எப்போதாவது ஒரு வெளிநாட்டு அணியின் வருகை. ஒரு ஆண்டில் உண்மையான சோதனை என்று சொல்லத்தக்க ஆட்டங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. இப்படிப் பழகி 33 வயதில் ஆசியச் சாம்பியனாக இருந்தவருக்கு, ஃபிலடெல்பியாவில் கிடைக்கும் பயிற்சி கிடைத்திருந்தால்?

ஃபிலடெல்பியா என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃப்ரேஸியர் அந்த ஊரில் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஒலிம்பிக் தங்கத்துக்குப் பிறகு 1965-ல் உள்ளூர்ப் பணக்காரர்கள் சேர்ந்து க்ளோவர்லே என்று ஒரு கம்பெனி தொடங்கி, அவருக்குப் பணமும் பயிற்சியும் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். 1971 மார்ச்சில் முகமது அலியுடன் அவர் மோதிய முதல் ஆட்டத்துக்கு இருவருக்கும் தலா 25 லட்சம் டாலர். ஹவா சிங் இரண்டாவது ஆசியத் தங்கத்துடன் ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகாத நேரம். அவருக்கு அர்ஜுனா விருது 1966-லேயே கிடைத்திருந்தது. 1968-ல் ராணுவத் தலைமைத் தளபதியின் சிறந்த விளையாட்டு வீரர் கோப்பையும் கிடைத்தது. இந்தியாவில் தொழில்முறைக் குத்துச்சண்டை என்று பேசத்தக்க ஒன்று இருக்கவில்லை. இருந்திருந்தாலும் ராணுவ வீரர் அதில் இறங்க முடியாது. பதினோரு ஆண்டு நாட்டை ஆண்ட சாம்பியனின் எதிர்காலம், பதவி உயர்வும் பென்ஷனும்தான்.

இது ஹவா சிங் என்ற தனி மனிதரின் துரதிர்ஷ்டம் மட்டும்தானா? அவருக்குப் பின் வந்த இந்திய ஹெவிவெயிட்டின் கதையைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தைச் சேர்ந்த கௌர் சிங்கும் விவசாயக் குடும்பம், அவரும் ராணுவம். குத்துச்சண்டைக்கு வந்தபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது. அப்படி வந்தவர் 1982 டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். அதற்கு முன் 1980 ஜனவரியில் டில்லிக்கு வந்த முகமது அலியுடன் நான்கு ரவுண்டு காட்சி ஆட்டம் ஆடியவர் அவர்தான். (அதே பயணத்தில் சென்னைக்கும் வந்த அலி, நேரு ஸ்டேடியத்தில் கையுறை மாட்டியதை அந்தத் தலைமுறைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.) 1984-ல் கௌர் சிங்குக்கு ஹவா சிங்குக்குக் கிடைக்காத ஒலிம்பிக் வாய்ப்பு கிடைத்தது. ஆனால் அப்போது வயது முப்பத்தைந்தைத் தொட்டிருந்தது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பதக்கம் இல்லாமல் திரும்பிக் கையுறையைக் கழற்றினார்.

அதன் பின் அவர் செய்திகளில் வந்தது 2017-ல். இதய சிகிச்சைக்காக ரூ. 2 லட்சம் கடன் வாங்கித் திருப்ப முடியாமல் இருக்கிறார் என்பதே செய்தி. ஆசியத் தங்கத்துக்காக மாநில அரசு அறிவித்த ரூ. 1 லட்சம் முப்பத்தைந்து ஆண்டாக வரவில்லை என்பதும் அப்போதுதான் வெளியே தெரிந்தது. ராணுவம் ரூ. 3 லட்சமும் மத்திய விளையாட்டு அமைச்சகம் ரூ. 5 லட்சமும் கொடுத்தன. 2023 ஏப்ரல் 27 அன்று அவர் இறந்தார். பஞ்சாப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் அவருடைய வாழ்க்கை இடம்பெறும் என்ற அறிவிப்பு அதற்குச் சில வாரங்கள் முன்பு வந்திருந்தது.

ஹவா சிங் வேறு பாதையில் போனார். ராணுவத்தில் முப்பது ஆண்டு முடித்து 1986-ல் கேப்டன் ஹவா சிங்காக ஓய்வு பெற்றபோது அவருக்கு 48 வயது. ஊர் திரும்பிய ராணுவக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஹூக்கா பிடித்தபடி பழைய கதை பேசியிருக்கலாம். அவர் பிவானியில் பிள்ளைகளைச் சேர்த்துக் குத்துச்சண்டை கற்றுத்தரத் தொடங்கினார். கோயில்கள் நிறைந்ததால் சின்னக் காசி என்று பெயர் பெற்றிருந்த ஊர் அது. இன்று பத்திரிகைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர், குட்டி க்யூபா.

அவருடைய மாணவர்களில் முன்னணியில் நின்ற ராஜ்குமார் சாங்வான் ஹெவிவெயிட்தான். ஆசிய அளவில் பட்டம் வென்று அர்ஜுனா விருதும் பெற்றார். ஆனால் பிவானியில் நடந்ததை ஓரிரு சாம்பியன்களை வைத்து அளக்கக் கூடாது. குத்துச்சண்டை என்பது பட்டாளத்துக்குப் போன பின் கற்கும் வித்தை என்பது மாறி, பள்ளிக்கூடப் பையன் மாலையில் போய்ப் பழகும் விளையாட்டாக ஆனது. தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கினால் ரயில்வேயிலோ போலீஸிலோ ராணுவத்திலோ வேலை கிடைக்கும் என்று வீட்டுக்கு வீடு தெரிந்துகொண்டார்கள். விளையாட்டு ஒதுக்கீடு என்ற அந்த ஒரு வழி, பேச்சுப் போட்டிகளில் சொல்லப்படும் தேசப் பெருமையை எல்லாம்விட வேகமாகப் பையன்களைப் பயிற்சிக் கூடத்துக்கு இழுத்தது. ஒரு தலைமுறை இப்படி வளர்ந்தது. பிறகு சாய் பயிற்சியாளர் ஜகதீஷ் சிங் 2003-ல் பிவானி பாக்ஸிங் கிளப்பைத் தொடங்கியபோது விதைக்க நிலம் தயாராக இருந்தது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்குச் சென்ற ஐந்து இந்தியக் குத்துச்சண்டை வீரர்களில் நான்கு பேர் பிவானியில் பயிற்சி பெற்றவர்கள். அவர்களில் ஒருவரான விஜேந்தர் சிங், ஹரியானா அரசு பஸ் டிரைவரின் மகன். அவர் வாங்கிய வெண்கலம்தான் ஒலிம்பிக்ஸில் இந்தியக் குத்துச்சண்டையின் முதல் பதக்கம்.

அதைப் பார்க்க ஹவா சிங் இல்லை. சிறந்த பயிற்சியாளருக்கான துரோணாச்சார்யா விருது அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. ஆகஸ்ட் 29 அன்று வாங்க வேண்டும். 2000 ஆகஸ்ட் 14 அன்று, பதினைந்து நாள் முன்பு, பிவானியில் அவர் இறந்துபோனார். டில்லி எப்போதும்போல அவர் விஷயத்தில் கொஞ்சம் தாமதமாகவே வந்தது. இருபது ஆண்டு கழித்து 2020-ல் அவரைப் பற்றிய ஹிந்திப் படம் ஒன்றின் அறிவிப்பு வெளியானபோது, யார் இந்த ஹவா சிங் என்று கேட்டவர்களே அதிகம்.

பிவானியில் அந்தக் கேள்வி எழவில்லை. அவருடைய மகன் சஞ்சய் குமார் ஷியோரானும் குத்துச்சண்டைக்காரர். தந்தையின் பெயரில் அவர் நடத்தும் அகாடமியில் சேர்ந்த பூஜா ராணி என்ற பெண், போலீஸில் வேலை பார்த்த தன் அப்பாவுக்குத் தெரியாமல் பழகினார். முகத்தில் காயம் பட்ட நாட்களில் வீட்டுக்குப் போகாமல் தோழி வீட்டில் தங்கிவிடுவார். விஷயம் தெரிந்து அப்பா தடுத்தபோது பயிற்சியாளரே நேரில் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தார். பூஜா ராணி பிற்பாடு இரண்டு முறை ஆசியச் சாம்பியன் ஆனார். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் கால் இறுதி வரை போனார். தாத்தா போகாத டோக்கியோவுக்கு அகாடமிப் பெண் போய்விட்டு வந்தார் என்று பிவானிக்காரர்கள் சொல்லிக்கொள்ளலாம்.

தாத்தா என்று சொல்ல உண்மையான உரிமை உள்ளவர் நூபுர் ஷியோரான். சஞ்சயின் மகள், ஹவா சிங்கின் பேத்தி. எடையிலும் அவர் தாத்தா வழிதான்: 80 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவு. 2025 செப்டம்பரில் லிவர்பூல் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் அவர் இறுதி வரை முன்னேறினார். எதிரே போலந்தின் அகதா காச்மார்ஸ்கா. ஐந்து நடுவர்களில் மூவர் போலந்துப் பக்கம், இருவர் நூபுர் பக்கம். வெள்ளிப் பதக்கம். அதே போட்டியில் 80 கிலோ பிரிவில் பூஜா ராணிக்கு வெண்கலம். நவம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த உலகக் கோப்பை இறுதிச் சுற்றில் நூபுர் தங்கமே வாங்கினார்.

ஹவா சிங்குக்கு ஆசியாவில் இரண்டு தங்கம் கிடைத்தும் உலகத்தோடு மோதக் கிடைக்கவில்லை. பேத்தி உலக மேடையிலேயே நின்று, ஒரே ஒரு நடுவரின் தீர்ப்பில் தங்கத்தைத் தவறவிட்டார். அடுத்து ஒலிம்பிக்ஸ்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு ஏழு எடைப் பிரிவுகள். அவற்றில் 80 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவு இல்லை.  நூபுர் அங்கே போக வேண்டுமானால் முதலில் எடையைக் குறைக்க வேண்டும். பிறகு அந்த எடையில் ஏற்கெனவே இருக்கும் இந்தியப் பெண்களை வென்று அணியில் இடம் பிடிக்க வேண்டும். பூஜா ராணி களத்தில் தொடர்ந்தால், அவர்களில் ஒருவர் தாத்தா பெயரிலுள்ள அகாடமியில் வளர்ந்தவராகவே இருப்பார்.